ஹாரோ பெண்டின் பாதிக் காது

தேர்தல் முடிந்த மறுநாள் விடிந்தபோது விஸ்கான்சின் மாநிலத்து ஹாரோ பெண்ட் என்ற சிற்றூரில், சிவப்புக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள் பேசுவது நீலக் கட்சிக்குப் போட்டவர்களுக்கும், நீலக் கட்சிக்குப் போட்டவர்கள் பேசுவது சிவப்புக் கட்சிக்குப் போட்டவர்களுக்கும் கேட்காமல் போயிற்று. நாய் குரைத்தால் கேட்டது, பால் லாரி பின்வாங்கினால் கேட்டது, லூத்தரன் தேவாலயத்து மணி கேட்டது, மறுகட்சிக்காரர் இருமினால்கூடக் கேட்டது, ஆனால் அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் மட்டும் உதடு அசைந்ததே தவிர சத்தம் வந்து சேரவில்லை. இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும்: நம்மூரில் சிவப்பு என்றால் அரிவாளும் உண்டியலும் நினைவுக்கு வரும், அமெரிக்காவில் சிவப்பு என்பது அதற்கு நேர் எதிர்க் கோடி, அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஊர் அலறவில்லை. ஹாரோ பெண்ட்காரர்கள் அலறுகிற ரகமில்லை. மாட்டுக் கொட்டகையின் கூரை பறந்துபோய்ப் பக்கத்துப் பண்ணையில் விழுந்தால் "இன்னிக்குக் காத்து கொஞ்சம் ஜாஸ்திதான்" என்பார்கள், அவர்கள் வாயிலிருந்து வரக்கூடிய உச்சபட்சப் புகழ்மொழியே "மோசமில்லை" என்பதுதான். ஆகவே மத்தியானத்துக்குள் மருந்துக்கடையில் காதுச் சொட்டு தீர்ந்தது, சாயங்காலத்துக்குள் இது குறும்பியில்லை என்று தெரிந்தது, அடுத்த நாள் காலையிலிருந்து, பனி கொட்டினால் மண்வாரியை எடுத்து வாசலுக்கு வழி செய்துகொள்வதைப் போல, இதற்கும் ஆளாளுக்கு ஒரு வழி செய்துகொண்டு வாழத் தொடங்கிவிட்டார்கள். முடிதிருத்துகிறவர் எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதை விரலால் காட்டச் சொன்னார். பாதிரியாரின் பிரசங்கம் சபையில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை, ஆனால் அவர்கள் வழக்கமாகத் தூங்குகிறவர்கள் என்பதால் புகார் வரவில்லை. நாற்பது வருஷம் குடித்தனம் நடத்திய தம்பதிகள் சிலர் காலைக் காப்பி மேசையில் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ரகசிய ஓட்டு என்பது அந்த ஊரில் அன்றோடு ஒழிந்தது. சிலருக்கு இது நிம்மதியாகவும் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும், மச்சானின் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டே நன்றியறிதல் நாள் விருந்தின் வான்கோழி இறைச்சியைச் சாப்பிட முடிவது லேசான சுகமில்லை.

இரண்டு பக்கமும் கேட்கும் காது உள்ளவர்களும் ஊரில் இருக்கத்தான் செய்தார்கள். பிள்ளைகளுக்கு எல்லாம் கேட்டது, ஆனால் அம்மா சொன்னதை அப்பாவிடம் போய்ச் சொல் என்றால் "இன்னிக்கு ஸ்கூலுக்குப் போக வேண்டாமாம்" என்று சொன்னதால் அவர்களை நம்ப முடியவில்லை. பால் பண்ணைகளில் வேலை பார்த்த மெக்சிகோக்காரர்களுக்குக் கேட்டது, அவர்கள் விவரமானவர்கள், நமக்கேன் வம்பு என்று மாடுகளோடு பேசிக்கொண்டார்கள். ஓட்டே போடாத ஆட்களுக்கும் கேட்டிருக்கும், ஆனால் ஓட்டுப் போடவில்லை என்று ஒப்புக்கொள்வது அந்த ஊரில் மானக்கேடு, ஆகவே அவர்கள் ஏதாவது ஒரு பக்கத்தைப் பார்த்துக் கேட்காத மாதிரி நடித்தார்கள். மிச்சம் இருந்தது ஆவுடை.

ஆவுடையம்மாள் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஹாரோ பெண்டின் சின்ன நூலகத்தில் முகப்பு மேசையில் வேலை. கணவன் தாணு டிராக்டர் உதிரி பாகத் தொழிற்சாலையில் இஞ்சினியர், நாகர்கோவில்காரன். அவன் முந்தைய வருஷமே குடியுரிமை வாங்கி, வரிசையில் நின்று ஓட்டும் போட்டுவிட்டான். அவளோ, அம்மா உயிரோடு இருக்கும்வரை இந்தியப் பாஸ்போர்ட்டை விட மாட்டேன் என்று இழுத்தடித்து, அம்மா போய்ச் சேர்ந்த பிறகுதான் விண்ணப்பித்திருந்தாள். மார்ச் மாதம் உறுதிமொழி. ஏப்ரலில் அடுத்த தேர்தல். அது அவளுடைய முதல் ஓட்டாக இருக்கும்.

"ஏட்டி, நம்ம ஸ்டீவ் பேசுதது எனக்குக் கேக்கல்ல பாத்துக்க" என்றான் தாணு, விஷயம் ஊருக்குத் தெரிந்த மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துவிட்டு வந்து.

"அப்பம் நீங்க ஸ்டீவுக்கு எதிர்க் கட்சிக்கா போட்டீய?" என்றாள் ஆவுடை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்லியே!"

தாணு குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து எதையோ தேடினான். எதற்காகத் திறந்தோம் என்பது அவனுக்கே தெரியாது.

இப்படியாக, வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டிய ஒரே இடமான நூலகம், ஊரில் வாயைத் திறந்து பேசுவதற்கான ஒரே இடமாக ஆயிற்று. வேலித் தகராறு, கல்யாணத் தேதி, அறுவை சிகிச்சைக்குப் போகும் அப்பாவை யார் காரில் கூட்டிப் போவது என்ற பேச்சு, எல்லாம் ஆவுடையின் மேசைக்கு வந்தன. காலையில் ஒருவர் வருவார், மத்தியானம் மற்றவர் வருவார், நடுவில் ஆவுடை. இவர் சொன்னதை அவரிடம் சொல்லி, அவர் சொன்னதை இவரிடம் சொல்லி, சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது தொண்டை கட்டியிருக்கும்.

இதில் அவள் ஒரு தப்பு செய்தாள். தெரிந்து செய்ததில்லை, வாயில் ஊறிப்போனது. சங்கரன்கோவில் பக்கத்தில் யாரும் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வரமாட்டார்கள். கடன் கேட்க வந்தவனும் கோர்ட் நோட்டீஸ் கொண்டுவந்தவனும் "சாப்டாச்சா?" என்றுதான் ஆரம்பிப்பான், எதிராளி மூன்று வேளைப் பட்டினியாக இருந்தாலும் "ஆச்சு" என்பான், அதற்கப்புறம்தான் மற்ற பேச்சு. ஆகவே ஆவுடை யாருடைய சேதியைக் கொண்டுபோனாலும் முதலில் அதை வைத்தாள். "நீங்கள் சாப்பிட்டீர்களா என்று அவர் கேட்கிறார்" என்று சொல்லிவிட்டுத்தான் மேற்கொண்டு பேசினாள். அவர்கள் அப்படிக் கேட்டிருக்கவே மாட்டார்கள் என்பது அவளுக்குத் தோன்றவில்லை, கேட்காமல் யாராவது பேச்சைத் தொடங்குவார்களா?

முதலில் அகப்பட்டது வெர்னானும் டாரிஸும்.

அவர்கள் அக்காள் தம்பி. டாரிஸ் ஓய்வுபெற்ற வாத்தியாரம்மா, கல்யாணம் செய்துகொள்ளாதவர், நீலம். வெர்னான் பால் பண்ணைக்காரர், மனைவி மார்ஜி இறந்து மூன்று வருஷமாகிறது, சிவப்பு. அப்பா விட்டுப்போன நிலத்தில் ரோட்டோரம் டாரிஸின் வீடு, உள்ளே தள்ளி வெர்னானின் பண்ணை, எதிரே ஆவுடையின் வீடு. ஆவுடை அந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் அவள் கார் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கியபோது, ஒரு வார்த்தை பேசாமல் டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்து வெளியே விட்டவர் வெர்னான். மறுநாளிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து, பனியில் எப்படி ஓட்டுவது என்று வசந்தம் வரும்வரை சொல்லிக் கொடுத்தவர் டாரிஸ். அந்த நாட்டில் அவளுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று உண்டானால் அது இந்த இரண்டு பேர்தான்.

அந்தப் பக்கத்து ஊர்களில் வெள்ளிக்கிழமை தோறும் மீன் வறுவல் விருந்து உண்டு. ஹாரோ பெண்டில் அது தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும், வெர்னான் மீன் வறுப்பார், டாரிஸ் உருளைக்கிழங்கைத் துருவி அடை சுடுவார், இருவரும் ஒரே அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று ஒருவரையொருவர் நச்சரிப்பார்கள். இப்போது நச்சரிக்க முடியவில்லை. டாரிஸ் நூலகத்துக்கு வந்து, "அவன்கிட்ட சொல்லு ஆவு, போன வெள்ளிக்கிழமை எண்ணெய் பழசு. கசந்துச்சு" என்றார்.

ஆவுடை பண்ணைக்குப் போனாள். "டாரிஸ் உங்களைச் சாப்பிட்டீங்களான்னு கேட்டாங்க. அப்புறம், எண்ணெய் பழசாம்."

வெர்னான் கறவை இயந்திரத்தின் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவுவதை நிறுத்தினார். எண்ணெய் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஊரில் அப்படி ஒரு கேள்வி கிடையாது, கேள்வி என்று வந்தால் பதில் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிற மனிதர் அவர், "ஆச்சு" என்று பொய் சொல்லவும் அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"இல்ல" என்றார். "மார்ஜி போனதுலேருந்து ராத்திரி சமைக்கிறதில்ல. ரொட்டியைச் சுட்டுத் தின்னுட்டுப் படுத்துடறேன். அதைச் சொல்லணும்னு இல்ல. ஆனா கேட்டாளே, அதனால சொல்றேன்."

ஆவுடை அதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தாள். "வெர்னான் உங்களையும் சாப்பிட்டீங்களான்னு கேட்டார்" என்பதை முன்னால் வைத்துத்தான். டாரிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று சாயங்காலம் வெர்னானின் வாசலில், மேலே வெள்ளித்தாள் மூடி, துண்டில் சுற்றி, உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வேகவைத்த தட்டு ஒன்று இருந்தது. மறுநாள் அந்தத் தட்டு கழுவி, ஒரு ஜாடி பாலேட்டோடு திரும்பி வந்தது. காலித் தட்டைத் திருப்பக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம் மட்டும்தான் என்று ஆவுடை அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

தட்டுகள் ஊரெல்லாம் நடமாடத் தொடங்கின. வேலித் தகராறுக்காரர்கள் வேலியை விடவில்லை, வேலியின் மேல் தட்டை வைத்துவிட்டுப் போனார்கள். மான் வேட்டைக் காலத்தில் சிவப்பு வீட்டு மான்கறி நீல வீடுகளுக்குப் போனது, நீல வீட்டுக் காய்கறி சூப்பு சிவப்பு வீடுகளுக்கு வந்து, மரியாதைக்காகக் குடிக்கப்பட்டது. கொள்கையில் ஒருவரும் ஒரு அங்குலம் நகரவில்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். வாசலில் நட்டிருந்த கட்சிப் பலகைகள் பனிக்குள் அப்படியே நின்றன. மறுபக்கத்து ஆள் கேட்கிறானே, நாம் சாப்பிட்டோமா என்று, அது மட்டும்தான் அவர்களால் தாங்க முடியாமல் இருந்தது.

பிப்ரவரியில் குட்டு உடைந்தது.

குழந்தைகள் அலமாரியில் எந்தெந்தப் புத்தகம் இருக்கலாம், எது கூடாது என்று ஊர் மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் நீலம், நடுவில் தண்ணீர் பாட்டிலோடு ஆவுடை. டாரிஸ் எழுந்தார். நாற்பது வருஷம் வகுப்பை அடக்கிய குரல் அது. "புத்தகத்தைப் பார்த்துப் பயப்படறவங்க பிள்ளைகளை வளர்க்க லாயக்கில்லாதவங்க!"

ஆவுடை சிவப்பு வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். "நீங்க எல்லாரும் சாப்பிட்டாச்சான்னு டாரிஸ் கேக்கறாங்க. அதுக்கப்புறம், புத்தகங்களைப் பத்திப் பயப்பட வேண்டாம்னு…"

"அந்தம்மா அப்படிச் சொல்லவே இல்லையே!" என்றார் சிவப்பு வரிசையின் பின்னாலிருந்து ரஸ்ஸல்.

ஊர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ரஸ்ஸல் இரும்புக்கடைக்காரர். தேர்தலுக்கு முன்னால் வீடு வீடாகப் போய் ஓட்டுப் போடுங்கள், ஓட்டுப் போடாதவன் மனிதனே இல்லை என்று சொன்னவர், 'நான் வாக்களித்தேன்' என்ற ஒட்டுவில்லையை நவம்பரிலிருந்து சட்டையில் மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டிருந்தவர். டாரிஸ் பேசியது அவருக்குக் கேட்டிருக்கிறது. சிவப்பு வரிசையில் உட்கார்ந்திருந்தவருக்கு நீலக் குரல் கேட்டிருக்கிறது. ரஸ்ஸல் தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டார். "ஓட்டுப் போடற அன்னிக்குக் கடையில கூட்டம்" என்றார் விரலிடுக்கு வழியாக.

ஆனால் ரஸ்ஸலைப் பற்றிச் சிரிக்க அப்போது யாருக்கும் நேரமில்லை. எல்லாக் கண்ணும் ஆவுடையின் மேல். அவள் பேசினால் இரண்டு பக்கமும் கேட்கும், அதனால் ஒரு தடவை சொன்னால் போதும்.

"யாரும் கேக்கலை" என்றாள். "நவம்பர்லேருந்து ஒருத்தரும் கேக்கலை. நானாத்தான் சேர்த்தேன். எங்க ஊர்ல பேச்சை அப்படித்தான் ஆரம்பிப்போம். அது கேள்வியே இல்ல, இருமுற மாதிரி. நீங்க பதில் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியாது."

அவள் மேசையில் கிடந்த தன் கையுறைகளை எடுத்து ஒன்றுக்குள் ஒன்றைச் சொருகினாள், பிரித்தாள். இனி யாரும் தன்னை நம்பப்போவதில்லை என்று நினைத்தாள். அதைவிட, வெர்னான் இனிமேல் பழையபடி சுட்ட ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுப்பார் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

வெர்னான் எழுந்தார். கூட்டத்தில் பேசுகிறவரில்லை, தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றார். "கேள்வி பொய்யா இருக்கலாம்" என்றார். "உருளைக்கிழங்கு நிஜம். நான்தானே தின்னேன்." கொஞ்சம் யோசித்து, "மோசமில்ல" என்றார்.

ஆவுடை அதை டாரிஸிடம் சொன்னாள். இந்தத் தடவை ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

டாரிஸ் தம்பியைப் பார்த்தபடியே ஆவுடையிடம் கேட்டார். "உங்க பாஷையில அதை எப்படிச் சொல்லுவீங்க ஆவு?"

"சாப்டியா."

டாரிஸ் நாற்காலிகளுக்கு நடுவில் நடந்து போய், சிவப்பு வரிசைக்கு முன்னால் நின்று, வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதைப் போல நிறுத்தித் தெளிவாக, "வெர்னான். ஸாப்ட்டியா?" என்றார்.

வெர்னானின் கையிலிருந்து தொப்பி விழுந்தது. நவம்பருக்குப் பிறகு அக்காளின் குரல் அவர் காதில் விழுந்தது அப்போதுதான்.

அதற்கப்புறம் ஊர் சும்மா இருக்குமா? ஒருவர் தாத்தா காலத்து நார்வே மொழிச் சாப்பாட்டுப் பிரார்த்தனையைச் சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. போலந்துக் கெட்டவார்த்தைகளைச் சொல்லிப் பார்த்தார்கள், கேட்கவில்லை. ஆவுடையிடம் 'வணக்கம்' கற்றுக்கொண்டு போனார்கள், அதுவும் கேட்கவில்லை, அவளே அந்த வார்த்தையை மேடைக்கு வெளியே யாரிடமும் சொன்னதில்லை. இந்த ஒன்று மட்டும் கேட்டது. அந்த வார்த்தையை வைத்து யாரும் இன்னும் சண்டை போடவில்லை, அதுதான் காரணம் என்றார் டாரிஸ். எங்கள் கல்யாண வீட்டுப் பந்திக்கு வந்து பார்த்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டார். எப்படியோ, பங்குனி பிறக்கும் முன்னால் ஹாரோ பெண்ட்காரர்கள் அந்த ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் பேசத் தொடங்கியிருந்தார்கள். தணிந்து சொன்னால் நலம் விசாரிப்பு, இழுத்துச் சொன்னால் கேலி, அடித்துச் சொன்னால் வரி உயர்வைப் பற்றிய கடுமையான கண்டனம். கீழ்த்தளத்து அடுப்படியில் வெர்னானும் டாரிஸும் முதுகைக் காட்டிக்கொண்டு "ஸாப்ட்டியா!" "ஸாப்ட்டியா!" என்று பழையபடி நச்சரித்துக்கொண்டார்கள். வெர்னான் உருளைக்கிழங்கு அடை சுடவும் கற்றுக்கொண்டார். ஆவுடையின் மேசைக்கு வரும் கூட்டம் குறைந்து, நூலகத்தில் மறுபடியும் புத்தகம் படிக்க முடிந்தது.

மார்ச் மாதம் உறுதிமொழி எடுத்துக்கொண்டாள். வெர்னானும் டாரிஸும் ஒரே காரில் வந்து, ஒருவர் கேட்காமல் ஒருவர் பேசிக்கொண்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பும் வழியில் ஆவுடை சொன்னாள், "நான் ஓட்டுப் போடப் போறதில்ல."

"ஏன்?" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். ஒருவர் கேட்டது ஒருவருக்குத் தெரியாது.

"போட்டா உங்கள்ல ஒருத்தர் குரல் எனக்குப் போயிடும். எனக்கு ரெண்டும் வேணும்."

டாரிஸ், "நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குக் குடிமைப் பாடம் எடுத்தவ நான். எனக்காக நீ ஓட்டுப் போடாம இருந்தா நான் பாடம் எடுத்ததுக்கே அர்த்தமில்ல" என்றார். அது கேட்காத வெர்னான், ரோட்டைப் பார்த்தபடியே, "இத்தனை வருஷம் இந்தப் பனியை அள்ளியிருக்க. போய்ப் போடு. தப்பாப் போட்டாலும் பரவால்ல" என்றார். எது தப்பு என்று அவர் நினைக்கிறார் என்பது மூன்று பேருக்கும் தெரியும். ஆவுடை ஒருவர் சொன்னதை ஒருவரிடம் சொல்லவில்லை. இரண்டையும் தனக்கென்றே வைத்துக்கொண்டாள்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, பனி உருகி ரோட்டோரமெல்லாம் சேறாக இருந்த நாளில், ஆவுடை தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய் வரிசையில் நின்று, தன் முதல் ஓட்டைப் போட்டாள். அவளுக்கு முன்னால் ரஸ்ஸல் நின்றிருந்தார். எந்தப் பக்கம் போட்டாள் என்று என்னைக் கேட்காதீர்கள். தாணுவும் அவளும் அதற்குப் பிறகு ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டார்களா என்றும் கேட்காதீர்கள், கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், வித்தியாசம் தெரிந்திருக்காது. வீட்டுக்கு வந்தவள் ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் காப்பியைக்கூடத் தொடவில்லை. கதவைத் திறக்கப் பயந்து, மிதியடிகளை அடுக்கினாள், கலைத்து மறுபடி அடுக்கினாள்.

திறந்தபோது வாசற்படியில் இருவரும் நின்றிருந்தார்கள்.

"குட் மார்னிங், ஆவு" என்றார் ஒருவர். கேட்டது.

மற்றவரின் உதடு அசைந்தது. ஆவுடை காதைக் கொடுத்துப் பார்த்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள். எங்கேயோ ஒரு வாத்துக் கூட்டம் கத்திக்கொண்டு வடக்கே போனது, அது கேட்டது. அவர் பேசியது கேட்கவில்லை. பள்ளத்தில் இறங்கிய அந்த முதல் குளிர்காலத்திலிருந்து அவளுக்குத் துணையாக இருந்த குரல்களில் ஒன்று போய்விட்டது. எது என்று சொன்னால் அவளுடைய ஓட்டு வெளியே வந்துவிடும், அதை நான் செய்யமாட்டேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து, முந்தானை இல்லாததால் கம்பளிச் சட்டையின் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

குரல் போனவர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முழங்கால் முட்டு மடங்க நேரமாயிற்று. மடியில் ஒரு தட்டு, வெள்ளித்தாள் மூடி, துண்டில் சுற்றி.

"ஸாப்ட்டியா?" என்றார்.

அது கேட்டது. ஊரெல்லாம் அந்தக் கேள்வியைச் சுமந்துபோய்க் கொடுத்தவளை, அந்த ஊரில் அதுவரை ஒருவரும் அதைக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அம்மாதான் கடைசியாகக் கேட்டாள், போனில். அன்றும் ஆவுடை பட்டினியாக இருந்துகொண்டு, "ஆச்சும்மா" என்றுதான் சொன்னாள்.

இப்போதும் வாயில் அதுதான் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"இல்ல" என்றாள்.

அவருக்கு அது கேட்டிருக்காது. தட்டை மூடியிருந்த தாளை அவர் பிரித்தார்.